நாற்பத்தொரு பேர் அழுத்தினார்கள்

பதினெட்டு வருடம் நான் ஒரு தமிழ் நாளிதழின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தேன். என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் மரண அறிவிப்புகள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அழுதுகொண்டிருப்பார். இந்தப் பக்கம் நான் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு, "படத்தோட போட்டா பத்து சென்டிமீட்டர் வரும், பேரப்பிள்ளைங்க பேரையும் சேத்தா பன்னெண்டு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பேரப்பிள்ளைகளை அதிகம் பார்த்தவர்களுக்குக் கட்டணமும் அதிகம். அது எனக்கு உறுத்தலாக இருந்தது என்று இப்போது சொல்வது சுலபம். அப்போது எனக்கு மாதக் கடைசியில் இலக்கு இருந்தது.

அந்த மேசைக்கென்று எழுதி வைக்காத சில சட்டங்கள் உண்டு. மரண அறிவிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் கல்யாண மண்டபம் வரக்கூடாது. ஜோசியர் விளம்பரம் பக்கத்திலேயே வரக்கூடாது; இறந்தவர் போன மாதம்தான் அவரிடம் போய் ஆயுளைக் கேட்டுவிட்டு வந்திருப்பார். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். பிறகு விளம்பரங்கள் இணையத்துக்குக் குடிபோயின. நாளிதழில் ஆளைக் குறைத்தார்கள். நானும் குறைந்தேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓர் இணையதளம் ஆரம்பித்தேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் காலமாகும் நம் ஆட்களின் அறிவிப்பு மட்டும், இலவசமாக. பெயர், வயது, எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த மின்சுடலை. கடைசியில், முன்பு எந்த ரப்பர் தோட்டம், அதில் எத்தனையாவது டிவிஷன். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். தோட்டங்களை விற்றபோது ஆட்கள் ஆளுக்கொரு அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். இன்றைய முகவரியைச் சொன்னால் யாருக்கும் யாரையும் தெரியாது. மூன்றாவது டிவிஷன் என்று சொன்னால் சிரம்பானிலிருந்துகூட கார் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒருமுறை கம்போங் மேடானில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே இரண்டு அம்மாக்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இளவயதில் ஒரே நிரையில் பால் மரம் வெட்டியவர்களாம். பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிறகு விசாரித்தால், இரண்டு பேரும் பதினோரு வருடமாக அடுத்தடுத்த புளோக்கில் குடியிருக்கிறார்கள். என் இணையதளத்தைப் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். பதினெட்டு வருடம் சென்டிமீட்டர் அளந்ததற்கு ஏதோ பரிகாரம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று ஆகாது. சர்வருக்குக் கட்ட வேண்டும். அதற்காகப் பக்கத்தில் விளம்பரம் போட இடம் விட்டிருந்தேன். அந்த இடத்தை ஒரு பெரிய கம்பெனி நிரப்பிக்கொடுக்கும். யாராவது விளம்பரத்தை அழுத்தினால் எனக்குச் சில காசு. எந்த விளம்பரம் வரும் என்பது என் கையில் இல்லை. எழுபத்தெட்டு வயதில் காலமான ஒருவரின் படத்துக்குக் கீழே உடல் எடையைக் குறைக்கும் மாத்திரை வந்தது. இன்னொருவருக்கு வாழ்க்கைத் துணை தேடித் தரும் சேவை. அந்தக் குடும்பத்திலிருந்து யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியவருக்கு ஏற்கெனவே இரண்டு துணை இருந்தது என்று மகன் என்னிடம் சொன்னார்.

இப்போது என் அத்தானைச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை, அதை மிக நன்றாகச் செய்வார். ஓய்வு பெற்ற பிறகு அட்டவணை போட ஆள் கிடைக்காமல் கொஞ்சம் வாடிப்போயிருந்தார்.

ஒரு கருமக்கிரியைச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் ஃப்ரீயா போடுற, எப்படிமா ஓடுது?" என்று கேட்டார். எனக்குப் பசி. பேச்சை முடிக்க வேண்டும் என்று, "ஆளுங்க விளம்பரத்த அமுக்குனா எனக்குக் கொஞ்சம் காசு வரும் அத்தான்" என்றேன். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். அந்த முகத்தை நான் அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்க வேண்டும். நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து என் வருமானம் ஏறத் தொடங்கியது. விளம்பரப் பெட்டியை நான் இரண்டு வரி மேலே நகர்த்தி வைத்திருந்தேன்; அதன் பலன் என்று நினைத்துக்கொண்டேன். என் தொழில் அனுபவம் வீண் போகவில்லை என்று கணவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஐந்து வாரம் ஏறிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சுத்தமாக இறங்கியது. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

ஆறாவது வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கணக்கில் முறையற்ற செயல்பாடு தெரிகிறது, கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டோம், இதுவரை சேர்ந்த தொகை விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பப் போகும். கையெழுத்து இல்லை. மேல்முறையீடு செய்ய ஒரு படிவம் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, அகராதி பார்த்து, ஆங்கிலத்தில் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். பதில் வர எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு மெகி மீகூட வெந்திருக்காது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை, இதுவே இறுதி.

அக்காவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அக்கா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள் போல. பின்னாலிருந்து அத்தானின் குரல் அதிர்ச்சியோடு வந்தது.

"எப்படி மூடுவான்? நாங்க இவ்ளோ அமுக்குறோமே!"

அத்தான் ஒரு வாட்சாப் குழு ஆரம்பித்திருந்தார். எங்கள் சொந்தம், பழைய தோட்டத்து ஆட்கள், அவருடைய காலை நடைக் கூட்டாளிகள் என்று நாற்பத்தொரு பேர். கோத்தோங் ரோயோங், ஊர்கூடிச் செய்யும் வேலை, என்றே பெயர் வைத்திருந்தார். ஊர்கூடிக் கோயில் வாசலைக் கூட்டுவதும் கால்வாயைத் தூர்வாருவதும் எங்களுக்குப் பழக்கம். அதே கணக்கில் இதையும் எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப்படைத் தேதி ஒரு குழு, இரட்டைப்படைத் தேதி இன்னொரு குழு. ஞாயிறும் பொது விடுமுறையும் ஓய்வு. அழுத்துவதற்கு முறையும் சொல்லிக் கொடுத்திருந்தார். "அமுக்கிட்டு உடனே ஓடி வரக் கூடாது லா. ஒருத்தர் வீட்டுக்குப் போனா உக்காந்துட்டுத்தானே வரோம்? கொஞ்ச நேரம் இருந்து மேல கீழ பாத்துட்டு மரியாதையா வாங்க." என் சித்தி ஒருத்தி அப்படி மரியாதையாக இருந்து பார்த்ததில் ஒரு தண்ணீர் வடிகட்டி வாங்கிவிட்டாள். நாற்பத்தொரு பேரில் விளம்பரக்காரருக்கு நேர்மையாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

எனக்கு வந்த கோபத்தில் அரை மணி நேரம் கத்தினேன். கடைசியில் அத்தான், "தப்பு என்னோடது பாப்பா. நான் சொல்லி சரி பண்ணிடுறேன்" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. சர்வருக்கு அந்த மாதக் கடைசி வரைதான் கட்டியிருந்தேன்.

வேறு விளம்பரக் கம்பெனி பார்க்கலாம் என்று பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். "ஆன்டி, நாங்களும் அவங்ககிட்டதான் வாங்குறோம். உங்க சைட் பேர போட்டா அங்கயே சிவப்பு லைட் வந்திடும்" என்றார். விளம்பரம் கொடுப்பவனுக்கும் அவர்கள்தான் தரகர், இடம் விற்கிற எனக்கும் அவர்கள்தான் தரகர், ஏலம் நடக்கிற மண்டபமும் அவர்களுடையது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வீடு வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் ஒரே ஆள் தரகராக இருந்து, பத்திரம் பதிகிற ஆபீசையும் அவரே வைத்திருப்பது போல. அந்தப் படத்தில் என் இடம் எது என்று கேட்டேன். தாளுக்கு வெளியே மேசை மேல் விரலை வைத்தார்.

இதற்குள் அத்தான் ஒரு கடிதம் தயார் செய்திருந்தார். டைப் செய்து, அடையாள அட்டை எண் போட்டு, கீழே கையெழுத்து. கணக்கு வைத்திருப்பவருக்கு இதில் சம்பந்தமில்லை, அழுத்தச் சொன்னது நான், தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்குத் தாருங்கள், அந்தப் பெண்ணின் கணக்கைத் திறந்துவிடுங்கள். இவ்வளவுதான். பென்ஷன் ஆபீசுக்குப் போகும்போது போடுகிற சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பெனி இருக்கும் கோபுரக் கட்டடத்துக்கு நேரிலேயே போயிருக்கிறார். வாசலில் ஒரு திரை. யாரைச் சந்திக்க வேண்டும் என்று அது கேட்டது. மேனேஜர் என்று அடித்தார். அப்படி ஒருவர் இல்லை என்றது. ஆபீசர் என்று அடித்தார். அதுவும் இல்லை. காவலாளி, கடிதம் வாங்கிக்கொள்ள எனக்கு உத்தரவு இல்லை அங்கிள் என்று மலாயில் சொல்லிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் அக்காதான் எனக்குச் சொன்னாள். அத்தான் சொல்லவில்லை.

அதைக் கேட்டதும் அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது. போன இடம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு என் மேலேயே கோபமாக இருந்தது. அந்த ஐந்து வாரமும் நான் கேட்காமல் இருந்தேனே.

அந்தச் சமயத்தில்தான் சிறு பத்திரிகையும் இணையதளமும் நடத்துகிறவர்களை அரசாங்கத்திலிருந்து ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல் அறை. இப்படிப்பட்ட பெரிய கம்பெனிகளை உடைக்க வேண்டுமா, வேண்டாமா என்பது பொருள். போனேன். அத்தானும் கூடவே வந்தார், பென்ஷன் சட்டையில், கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு. கம்பெனி ஆள் யாராவது கட்டாயம் வருவார்கள் என்று நம்பினார்.

முதலில் ஒரு பேராசிரியை பேசினார். வாங்குகிறவர் பக்கம் ஒரு துண்டு, விற்கிறவர் பக்கம் ஒரு துண்டு, ஏல மண்டபம் ஒரு துண்டு, ஆக மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றார். அடுத்து ஒரு வழக்கறிஞர். உடைத்தால் முதலில் அடிபடுவது சின்னவர்கள்தான்; இன்று கிள்ளானில் ஒரு தையல் கடைக்காரம்மா இரண்டு ரொட்டி சானாய் விலையில் தன் கடையை ஊருக்கே காட்ட முடிகிறது; நாளை மூன்று கம்பெனி, மூன்று கட்டணம், மூன்று பாஸ்வேர்ட். அவர் சொன்னதும் உண்மைதான். நாளிதழில் நான் அந்தத் தையல் கடைக்காரம்மாவுக்குச் சொல்லியிருக்கும் விலையில் ரொட்டி சானாய் கடையையே வாங்கலாம். எனக்கு இரண்டு பக்கமும் தலையாட்டத் தோன்றியது, ஆட்டினேன்.

என் முறை வந்தது. தலைமை தாங்கிய மலாய் அம்மா தமிழிலேயே பேசுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு நாளிதழில் நடந்த ஒன்றைச் சொன்னேன். ஒரு கடைக்காரர் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு, உயிரோடு இருந்த தம்பிக்கு மரண அறிவிப்பு கொடுத்துவிட்டார். நானும் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன். தம்பி வீட்டுக்குப் பத்து மாலை வந்து இறங்கியது. தம்பியே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். மறுநாள் அந்த அண்ணனின் விளம்பரம் எதையும் ஆயுளுக்கும் வாங்க மாட்டோம் என்று நான் முடிவு செய்தேன். மேல்முறையீடு கிடையாது. அவர் என்ன செய்தார்? சாலையைக் கடந்து எதிரில் இருந்த இன்னொரு நாளிதழுக்குப் போனார். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கே முழுப்பக்க வாழ்த்து போடுவார், எனக்கும் ஒரு பிரதி அனுப்புவார்.

"நானும் ஈவிரக்கம் இல்லாமத்தான் தள்ளி வெச்சேன். ஆனா எதிர்ல ஒரு கடை இருந்துச்சு" என்று முடித்தேன். பேராசிரியை கை தட்டினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

தலைமை அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்கள் கணக்கை ஏன் மூடினார்கள், புவான்?"

காரணம் சொல்லவில்லை என்று சொல்லலாம். மின்னஞ்சலில் விவரமாக எதுவும் இல்லை. அது பொய்யும் ஆகாது. வாயைத் திறந்தேன். பக்கத்தில் அத்தான் எழுந்து நின்றுவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"சாயா யாங் தெகான், புவான்" என்றார். நான்தான் அழுத்தினேன், அம்மா என்று அர்த்தம். எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்டார். நாற்பத்தொரு பேர், ஆறு வாரம், ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக என்று போலீஸ் ஸ்டேஷனில் அறிக்கை கொடுப்பது போல் கொடுத்தார். அறையில் யாரோ சிரித்தார்கள். வழக்கறிஞர் எழுதிக்கொண்டார். இதனால்தான் ஒரே கம்பெனியின் கட்டுப்பாடு வேண்டும் என்கிறேன் என்று அவர் பணிவாகச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. என் பேச்சு அத்தோடு போனது.

அத்தான் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வழக்கறிஞரிடம் போனார். அவர், நான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை, என் சொந்தக் கருத்தைச் சொல்ல வந்தவன் என்றார். தலைமை அம்மாவிடம் போனார். அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார், முழுவதையும் படித்தார். பிறகு, இது எங்கள் அலுவலகத்துக்கு எழுதியது இல்லையே பெரியவரே, நான் எப்படிப் பதிந்துகொள்வது என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். கம்பெனியிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

தாமான் ஜெயாவில் எல்ஆர்டி ரயில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. பங்சார் தாண்டியதும் அவர் கேட்டார்.

"இந்த மாசம் முடிஞ்சா என்ன பாப்பா?"

"மூடிடுவேன் அத்தான்."

"காசு வாங்கிப் போடலாமே. ஆளுங்க குடுப்பாங்க."

"நான் திரும்ப ஸ்கேல் எடுக்க மாட்டேன்" என்றேன். பெட்டி முழுக்கக் கேட்டிருக்கும். எதிரில் உட்கார்ந்திருந்த சீனப் பெண் தன் போனுக்குள் குனிந்துகொண்டாள். அந்த இணையதளம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கே அந்த இடத்தில்தான் தெரிந்தது. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுவதை நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது, சத்தமே இல்லை.

சென்ட்ரலில் இறங்கினோம். நான் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் பிடிக்க வேண்டும். அவரைத் தனியாக விட மனம் வராமல் பிரிக்பீல்ட்ஸ் வரை கூடவே நடந்தேன். ஒரு போட்டோஸ்டேட் கடை முன்னால் நின்றார்.

"அந்த டீச்சரம்மா சொன்ன மாதிரி உடைச்சாங்கன்னு வை. நான் எந்தத் துண்டுகிட்ட போய் மன்னிப்பு கேக்கணும்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வழக்கறிஞர் சொன்னதுபோல் என் மாதிரி ஆட்கள் இன்னும் கஷ்டப்படலாம். அந்த மூன்றில் ஒன்றுகூட எங்களை மன்னிக்காமல் போகலாம். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். அவர் உறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கடைக்காரப் பெண்ணிடம் நீட்டிவிட்டார். மடிப்பு ஓரம் அழுக்காகியிருந்தது.

"எத்தன காப்பி அங்கிள்?" என்று அவள் கேட்டாள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"மூணு" என்றேன்.